இறால் பிடித்தது யார் கை

எங்கள் ஊரில் வலை இல்லாமல் கையாலேயே இறால் பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. ஏரியில் தண்ணீர் தொடைவரை நிற்கிற இடமாகப் பார்த்து இரண்டு இரண்டு பேராக இறங்குவோம். முன்னால் போகிறவர் சேற்றில் காலை அழுத்தி வைத்து நடப்பார். அந்தத் தடம் சின்னக் குழியாகிவிடும். கலக்கத்துக்குப் பயந்த இறால் குழிக்குள் போய் ஒண்டிக்கொள்ளும். பின்னால் வருகிறவர் குனிந்து, குழியில் கையை விட்டு எடுத்து, கழுத்தில் தொங்கும் பனையோலைப் பறிக்குள் போட்டுக்கொள்வார். முன்னால் போகிறவள் என் மனைவி. பறி என் கழுத்தில். கல்யாணமான வருடத்திலிருந்து அப்படித்தான்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தபோது இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. யாரும் மறைக்கவில்லை. எப்படி நடக்கிறோம் என்பதை யாராவது எடுத்துச் சொல்வார்களா?

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். எழுத வரும். பேசத்தான் வராது. நான்கு பேர் கூடியிருந்தால் ஐந்தாவதாகப் போய் நிற்க எனக்குக் கூச்சம். டீக்கடையில் டீ கேட்கக்கூட விரலைத்தான் காட்டுவேன்.

மேடம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே என் வலது கையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் மரத்துப்போயிருந்தன. சர்க்கரைதான் காரணம். சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்தேன். மறந்த நாட்களும் உண்டு. ஒரு நாள் கெளுத்தி மீனின் முள் நடுவிரலில் ஏறி நின்றிருக்கிறது. பறியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கு அதைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டுவிட்டு, விரலைச் சேற்றில் தேய்த்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி அவள் பின்னால் நடந்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கரையில் உட்கார் என்பாள். அவளுடைய அண்ணியோடு ஏரிக்குப் போக ஆரம்பிப்பாள். நான் கரையில் உட்கார்ந்து என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். அதைவிட, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நடக்காத ஒரு காலைப்பொழுதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் ஒரு விஷயம் எனக்கே புரியாமல் இருந்தது. விரல் செத்த பிறகும் பறி இளைக்கவில்லை. எப்போதும் போலத்தான் நிறைந்தது. சேற்றில் கை விடுகிறேன், கை மூடுகிறது, உள்ளே இறால் துள்ளுகிறது. பிடித்த பிறகு உள்ளங்கையில் துள்ளுவது தெரியும். பிடிக்கும் வரை விரல்களுக்கு எதுவும் தெரியாது. எப்படிப் பிடிக்கிறேன் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, பழக்கம் என்று நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கும் முட்டி வலி வந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் நிற்பாள். “ம்” என்று முனகுவாள். அப்புறம்தான் அடுத்த காலை எடுப்பாள். அவளுக்குத் தைலம் வாங்கி வந்து கொடுத்தேன். வாங்கி மாடத்தில் வைத்தாள்.

மேடம் ஒரு வேனில் வந்தார். நாற்பது வயது இருக்கும். கண்ணாடி, காட்டன் புடவை, காலில் ரப்பர் செருப்பு. ஏதோ ஒரு பெரிய இன்ஜினியரிங் கல்லூரியில் வேலை என்றார்கள். கை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கை செய்கிற வேலை. கூடவே ஒரு கம்ப்யூட்டர் சார். நெல்லூர்ப் பக்கத்துக்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். எங்களுக்கும் அது பாதி வீட்டுப் பேச்சுதான் என்பதால் சிரமம் இல்லை.

செயற்கைக் கையால் ஒரு பொருளை எடுக்க வேண்டுமென்றால் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். நல்ல கைக்குக் கண் தேவையில்லை; சட்டைப் பையில் விட்டால் சாவியைத் தானே தேடி எடுக்கும். அந்தத் தேடுகிற வித்தையை எந்தக் கையிடம் கற்றுக்கொள்ளலாம் என்று யோசித்து, கலங்கல் தண்ணீரில் பார்க்காமலேயே பிடிக்கிற எங்களிடம் வந்திருந்தார்கள். மேடம் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

மெல்லிய ரப்பரில் ஒரு கையுறை கொண்டுவந்திருந்தார்கள். உள்ளே மயிரிழை மாதிரி கம்பிகள் ஓடின. விரல் எதையாவது தொட்டால், அழுத்தினால், மடங்கினால் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுமாம். முதலில் என் மனைவிதான் வாங்கி மாட்டிப் பார்த்தாள். தொளதொளவென்று கழன்று விழுந்தது.

“இதுல என் ரெண்டு கையும் போவும் மேடம்.”

“சாரிம்மா, ஆம்பளை சைஸ்லதான் செஞ்சோம்,” என்றார் மேடம். அதோடு பெண்கள் பக்கம் விட்டுப்போயிற்று.

ஆண்கள் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், எதற்கும் முதல் ஆள். அரை மணி நேரத்தில் கையை உதறிக்கொண்டு ஏறிவிட்டான்.

“இன்னா மேடம் இது, கோணிய மாட்டிகினு சோறு துன்ற மாதிரி இக்குது! எறா எது, ஓடு எதுன்னே தெரியல.”

எல்லாருக்கும் அதே கதைதான். ரப்பர் மாட்டியதும் பறி பாதியாகிவிட்டது. கடைசியாக என்னைத் தள்ளிவிட்டார்கள். எனக்கு உள்ளூர நிம்மதி. எல்லாருக்கும் குறைகிறது, எனக்கும் குறையும், ரப்பர் மேல் பழி போய்விடும் என்று நினைத்துக்கொண்டே அவள் பின்னால் இறங்கினேன்.

எனக்குக் குறையவில்லை. வழக்கமான அளவு அப்படியே வந்தது.

மேடம் பறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டர் சாரைப் பார்த்தார். “அண்ணா, உங்களுக்குக் கையுறை இருக்கிறதே தெரியலையா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். உண்மைதான், தெரியவில்லை.

“பேசாத ஆளுக்குக் கைதான் வாய் மேடம்,” என்றான் மச்சான்.

அப்படித்தான் ஊரிலேயே நல்ல கை என்று என் கையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நேரத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் கரையில் நின்று பறியைக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை என்பதை அன்றே கவனித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

அந்த மாதம் பல நாள் காலையில் கையுறையோடு இறங்கினேன். கம்பி தோள்வரை வந்து, தலைப்பாகைக்குள் கட்டிய சின்னப் பெட்டியில் முடியும்.

“மச்சான் தலைல டவர் வெச்சிட்டாங்கடா,” என்று மச்சான் படகிலிருந்து கத்துவான். “அப்படியே கொஞ்சம் நடுவுல போய் நில்லு, கோட்டைக்குப்பம் வரைக்கும் சிக்னல் வரட்டும்!”

நான் தலையைக் குனிந்துகொள்வேன். பெட்டி நனையக் கூடாது என்று கம்ப்யூட்டர் சார் அலறுவார். என் மனைவி எதையும் காதில் வாங்காமல் முன்னால் நடப்பாள். நிற்பாள். “ம்” என்பாள். நான் கையை மூடுவேன்.

மழைக்காலம் போய் மேடம் மறுபடி வந்தார். சந்தோஷமாக வந்தார். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் என்னை உட்கார வைத்து, மடியில் விரிக்கிற கம்ப்யூட்டரைத் திறந்தார். அதில் என் கை இருந்தது. கை என்றால் கை இல்லை. பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாக ஒன்று. அடியில் இரண்டு கோடுகள் மேலும் கீழுமாக ஓடின.

“இந்தக் கோடு விரல் தொடுறது. இந்தக் கோடு விரல் பிடிக்கிறது. எல்லாருக்கும் முதல்ல தொடும், அப்புறம் பிடிக்கும். உங்களுக்குப் பாருங்க அண்ணா, பிடிக்கிறது முதல்ல, தொடுறது அப்புறம்.”

நான் பார்த்தேன். இரண்டும் ஏரியில் காற்றடிக்கும்போது வருகிற அலை மாதிரி இருந்தன.

“தொடுறதுக்கு முன்னாடியே இறால் எங்க இருக்குன்னு உங்க கைக்குத் தெரியுது,” என்றார் மேடம்.

கம்ப்யூட்டர் சார் ஒரு காகிதத்தில் கட்டம் கட்டமாகப் போட்டார். இருட்டில் தேடுகிறவன் இந்தக் கட்டம், அந்தக் கட்டம் என்று துழாவித்தான் கண்டுபிடிக்க முடியும். எத்தனை முறை துழாவ வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. என் கை துழாவவே இல்லை. நேராகப் போய் எடுக்கிறது.

“அதிர்ஷ்டம் அனி செப்பலேம் அன்னா, அப்படிச் சொல்ல முடியாது. ஒரு தடவைன்னா அதிர்ஷ்டம். தினமும்னா கணக்கு ஒத்துக்காது.”

எனக்குத் தெரிந்த கணக்கு எட்டாம் வாய்ப்பாட்டோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே இருக்கிற ஏதோ ஒரு கணக்கு, என் கையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறது. மேடம் மருத்துவத்தையும் சேர்த்துச் சொன்னார். விரலிலிருந்து நரம்பு வழியாகச் சேதி மூளைக்குப் போகுமாம். பழகிய கையாக இருந்தால் சேதி வருவதற்கு முன்பே மூளை ஊகித்துவிடுமாம். அவர்களோடு வேலை செய்கிற ஒரு டாக்டர் அப்படிச் சொல்கிறாராம். கம்ப்யூட்டர் இப்போது என் கையைக் கற்றுக்கொண்டிருக்கிறதாம். அதைச் செயற்கைக் கைக்குள் போடப் போகிறார்களாம்.

அன்று வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. ஒருவேளை விரல் சாகவில்லையோ? உயிர் இருக்கிறது, எனக்குத்தான் சொல்லாமல் நேராக மூளைக்குச் சொல்கிறதோ? நானும் மூளையும் வேறு வேறா? உப்பு டப்பாவில் அந்த மூன்று விரலை விட்டுப் பார்த்தேன். பருத்தித் துணி எது, நைலான் துணி எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் நல்ல கை என்கிறது. படித்தவர்கள் மூன்று பேர், ஒருவர் டாக்டர், நல்ல கை என்கிறார்கள். ஒரு வாரம் மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு டப்பாவிலேயே போட்டுவிட்டேன். அவ்வளவு முட்டாள்தனம் அதற்கு முன் நான் செய்ததில்லை.

குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது அவளிடம் சொன்னேன்.

“மேடம் சொல்லுது, தொடுறதுக்கு முன்னாடியே நான் புடிச்சிடறனாம்.”

“அப்படியா.” அவள் திரும்பவில்லை.

“ஒனக்கு இன்னா தோணுது?”

“எனக்கு முட்டி வலிக்குதுன்னு தோணுது. போய் தண்ணி எடுத்தா.”

மூன்றாவது முறை வந்தபோது வேனிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார்கள். உள்ளே பஞ்சுக்கு நடுவில் கை. தோல் நிறத்து ரப்பர், ஐந்து விரல், நகம்கூட இருந்தது. ஊரே கரையில் கூடிவிட்டது. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஏரிச் சேற்றையும் தண்ணீரையும் நிரப்பி, மச்சான் கொண்டுவந்த உயிர் இறாலை அதில் விட்டார்கள். கையை ஒரு கம்பியில் மாட்டி டப்புக்கு மேலே நிறுத்தினார்கள். கம்ப்யூட்டர் சார் ஏதோ தட்டினார்.

கை மெதுவாகக் கீழே போனது. சேற்றுக்குள் நுழைந்தது. நுழைந்ததுமே பட்டென்று மூடிக்கொண்டது. மேலே வந்து விரித்தது. சேறு. மறுபடியும் போனது. மூடியது. சேறு. இறால்கள் டப்பின் இன்னொரு ஓரத்தில் ஹாயாக நீந்திக்கொண்டிருந்தன.

“மேடம், சேறு நல்லா புடிக்குது,” என்றான் மச்சான். “நமக்கு ஒண்ணு குடுங்க, வூடு மெழுவ ஆவும்.”

கூட்டம் சிரித்தது. மேடமும் சிரித்தார். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“இந்தக் கையை மாட்டிக்க ஒருத்தர் காத்திருக்கார் அண்ணா. மில்லு மெஷின்ல கை போயிடுச்சு. இதை இப்படியே குடுத்தா, டம்ளரை எடுக்கப் போய் டம்ளருக்கு முன்னாடி காத்தைப் பிடிப்பார். எங்க தப்பு பண்ணோம்னு தெரியலை. உங்க கை செய்யறதைத்தான் அது செய்யுது.”

என் தொண்டை வரைக்கும் வந்தது. ‘மேடம், அது செத்த கை.’ நான்கு வார்த்தைதான். பக்கத்தில் மனைவி நின்றாள், சுற்றிலும் ஊர் நின்றது. வார்த்தை வரவில்லை.

மேடமே தொடர்ந்தார். “அண்ணி முன்னாடி நடக்கறதால தண்ணி ஆடுது. அது ஏதாவது எங்க பதிவுல கலக்குதான்னு பார்க்கணும். இன்னைக்கு ஒரே ஒரு தடவை நீங்க மட்டும் தனியா இறங்குறீங்களா?”

“அதெல்லாம் வேணாம்,” என்றாள் என் மனைவி, மேடம் முடிப்பதற்குள். “ஒண்டி ஆளா எறங்குனா எறா வராது மேடம். வெயிலும் ஏறிகிச்சி. இவருக்கு ஒடம்பு வேற செரியில்ல.”

“எனக்கு நல்லாத்தான் இக்குது,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தனியாகவும் கை பிடித்துவிடும் என்று ஒரு மூலையில் நம்பினேனா, பிடிக்காமல் போனால் வாயைத் திறக்காமலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேனா? இரண்டுமேதான் போலிருக்கிறது.

கையுறையும் தலைப்பாகைப் பெட்டியுமாக இறங்கினேன். நானே காலை அழுத்திக் கொஞ்ச தூரம் நடந்தேன். திரும்பி வந்து என் தடத்திலேயே குனிந்தேன். கையை விட்டேன். சேறா, சிப்பியா, இறாலா, ஒன்றும் தெரியவில்லை. எப்போது மூடுவது என்று தெரியவில்லை. கை குழிக்குள்ளே சும்மா நின்றது, பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிற ஆள் மாதிரி. மூடினேன். சேறு. அடுத்த குழி. சேறு. கட்டைவிரலில் ஒன்று பட்டு நழுவிப் போனது. அடுத்த குழி.

அப்போதுதான் ஏரி எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கவனித்தேன். தூரத்தில் நாரைகள் இருந்தன. ஒரு படகு என்ஜின் ஓடியது. எனக்கு முன்னால் யாரும் இல்லை. யாரும் முனகவில்லை.

என் கை இத்தனை நாளும் அந்த “ம்” என்ற சத்தத்துக்குத்தான் மூடியிருக்கிறது.

நடு ஏரியில் நின்றுவிட்டேன். முட்டி வலிக்காரி, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது முனகியதில்லை. விறகுக் கட்டோடு வரும்போது முனகியதில்லை. தரையிலிருந்து எழுந்திருக்கும்போதுகூட முனகியதில்லை. ஏரியில் மட்டும்தான் முனகினாள். மாடத்தில் இருந்த தைலத்தின் மூடி திறக்கவே இல்லை. இதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தும் ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கத் தெரியவில்லை.

கரைக்கு வந்தேன். பறி காலி. நான் கையுறையைக் கழற்றினேன். டப்பிலிருந்து இடது கையால் ஒரு இறாலை எடுத்தேன். அதன் தலையில் ரம்பம் மாதிரி ஒரு முள் இருக்கும். மேடத்தின் முன்னால் வலது கையை நீட்டி, அந்த முள்ளை நடுவிரலில் வைத்து அழுத்தினேன். சேறும் ரத்தமும் கலந்து வழிந்தது. மேடம் “அய்யோ” என்று பின்னால் போனார். என் முகத்தில் எதுவும் இருந்திருக்காது. எனக்கு எதுவும் தெரியவில்லையே.

“இது எனக்குத் தெரியாது மேடம்,” என்றேன். “ரெண்டு வருசத்துக்கு மேலயே.”

அவ்வளவுதான் வந்தது. என் மனைவி பாய்ந்து வந்து இறாலைப் பிடுங்கி வீசினாள். முந்தானையால் விரலைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பைத்தியமாய்யா ஒனக்கு? வாயில சொன்னா ஆவாதா?”

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாமயா? கொதிக்கிற சோத்துல கைய வெச்சி ஊதாம பெசஞ்ச. நான் ஒன்னயே பாத்துகினு இந்தேன். நீ பாட்டுக்கு ரசம் ஊத்துன்ற.”

“ஏன் சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

கம்ப்யூட்டர் சார் டப்பின் விளிம்பில் உட்காரப் போய் நனைந்துகொண்டார். மேடம் அவளிடம் மெதுவாகக் கேட்டார், அப்படியென்றால் நான் எப்படிப் பிடித்தேன் என்று.

“கால வெக்கறப்ப கீழ ஒண்ணு மாட்டிச்சின்னா லேசா அமுக்கிகினு நிப்பேன் மேடம். இவரு கை கிட்ட வந்தா கெண்டக்கால்ல தெரியும். ம்-னு சொல்லிட்டு காலை எடுத்துடுவேன். இவரு மூடிக்குவாரு.”

“காலுக்குக் கீழே எப்படி இறால் வரும்?”

எல்லாரும் மேடத்தை ஆச்சரியமாகப் பார்த்தோம்.

“குழில ஒண்டும்ல மேடம்?” என்றான் மச்சான். “கால் தடத்துல, கால் இக்கறப்பவே ஓரமா. பின்ன நாங்க இன்னாத்துக்கு முன்னயும் பின்னயும் நடக்கறோம்? வாக்கிங்கா?”

ஒரு மாதம் பதிவு செய்து, கணக்குப் போட்டு, கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்த எதிலும் என் மனைவியின் கால் இல்லை. கலங்கல் தண்ணீருக்கு மேலே அது தெரியவில்லை. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். காலில் விழலாமா என்றுகூட நினைத்தேன். அவர் நோட்டைத் திறந்து வேகமாக எழுத ஆரம்பித்தார். எழுதும்போது அவர் முகம், என் கையைக் கம்ப்யூட்டரில் காட்டிய நாள் மாதிரிச் சந்தோஷமாக இருந்தது. நான் பொய்யன் என்று தெரிந்த பிறகு ஒருவருக்கு எப்படிச் சந்தோஷம் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மறுவாரம் மேடமே எங்களைச் சென்னைக்கு அழைத்துப் போனார். அனுப்பம்பட்டில் ரயில் ஏறினோம். அவர்களோடு வேலை செய்கிற அந்த டாக்டர், கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒரு நைலான் இழையால் விரலையும் பாதத்தையும் தொட்டார். தொடும்போது சொல்ல வேண்டும். கண்ணை மூடியதும் எனக்குப் பழக்கம் வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளிடமிருந்து அந்த “ம்” வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். வந்தது. டாக்டர் நிறுத்திவிட்டு, “அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்க,” என்றார். கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு கை விரல்களுக்கு நான் அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை.

வலது கையில் மூன்று விரலும் போனது போனதுதான். பழையபடி வரும் என்று நம்பக் கூடாது. இடது கையிலும் ஆரம்பித்திருக்கிறது. பாதம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. மாத்திரையை நிறுத்தினேன் என்று கேட்டதும் டாக்டர் என்னைத் திட்டினார். மூளை ஊகித்துவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது என் கையைப் பற்றியது இல்லை. யாருடைய கையைப் பற்றியது என்று யோசித்தால் தலை சுற்றியது.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

“இவரு ஏரிக்கு வரலாமா, வேணாமா? அத்த மட்டும் சொல்லுங்க சார்.”

டாக்டர் யோசித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்றில் கை விடவே கூடாது என்றார். காயம்பட்டால் தெரியாது, ஆறாது, விரலையே எடுக்க வேண்டிவரும் என்றார். காலுக்கு மெல்லிய ரப்பர் சூ போட்டுக்கொண்டு, மாத்திரை தவறாமல், திரும்பி வந்ததும் பாதத்தைக் கழுவித் தினமும் யாராவது உற்றுப் பார்ப்பதாக இருந்தால் போகலாம் என்றார்.

“நான் பாக்கறேன்,” என்றாள்.

மேடம் அப்புறமும் பேசினார். புதிதாக இன்னொரு கண்டுபிடிப்பு எழுதுகிறார்களாம். ஒரு கை தானாகத் தேட வேண்டியதில்லை; உடம்பின் வேறு இடத்திலிருந்து, ஏன் வேறு ஒருவரிடமிருந்துகூட, ஒரு சைகை வந்தால் போதும் என்று. மில்லில் கை போனவர் கால் கட்டைவிரலை அமுக்கினால் கை மூடுகிற மாதிரி செய்து பார்க்கிறார்களாம், அவர் டம்ளரை எடுத்துவிட்டாராம். என் மனைவியின் காலுக்கு ஒரு உறை தைத்து வரப்போகிறார்களாம், சரியான அளவில். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு படித்தவரிடம் நானாக ஒரு கேள்வி கேட்டேன்.

“மேடம், இப்ப கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது என் கையா, அவ காலா?”

மேடம், “அதுதான் அண்ணா எங்களுக்கும் குழப்பம்,” என்றார்.

இப்போது நான் முன்னால் போகிறேன். முதல் நாள் ஊரே கரையில் நின்று பார்த்தது. பறியை அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டதும் மச்சான், “இன்னா மச்சான், டிரைவர் மாறிட்டாரா? வண்டி ஓடுமா?” என்று கேட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சூ மெல்லியதாக இருந்தாலும் சேறு புதிதாக இருந்தது. முன்னால் ஒரு முதுகு இல்லாமல் எங்கே பார்த்து நடப்பது என்று தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்தேன், அப்புறம் வானத்தைப் பார்த்தேன்.

“யோவ், நில்லுய்யா,” என்றாள் பின்னாலிருந்து. “இவ்ளோ அகலமா எட்டு வெச்சா நான் ஓடியா வர்றது?”

நின்றேன்.

“இது தடமா, கொளமா? உள்ள எறா எந்த மூலைல இக்குதுன்னு நான் தேடணும்? கால சின்னதா வெய்யி.”

இருக்கிற காலை எப்படிச் சின்னதாக வைப்பது? குதிகாலை மட்டும் ஊன்றிப் பார்த்தேன், சாய்ந்து போனேன். நுனியால் ஊன்றினேன், சேறு இழுத்தது. பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட்டு, இது சரியா என்று கேட்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் அவள் குனிகிற சத்தம், தண்ணீர் கலைகிற சத்தம் கேட்டது.

“ஆங், அப்படித்தான்,” என்றாள். “நட.”